கள்ளிச் செடியில் ஒட்டுக் கட்டுதல் – ஒட்டுப் பிடித்த பின்னும் வளராதது ஏன்?

டிராகன் பழத் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகள் காய்ப்பு ஓய்ந்த பிறகு, மார்கழி, தை மாதங்களில் கொடிகளைக் கவாத்து செய்கிறார்கள். வெட்டிய கொடிகளை வரப்போரம் குவித்துக் காயவிடுவதே வழக்கம். அந்தக் குவியலில் கிடக்கும் மூன்று பட்டைக் கொடித் துண்டு ஒவ்வொன்றும் ஓர் ஒட்டுச் செடிக்கு அடித்தண்டாகத் தக்கது. நகரத்து நாற்றுப் பண்ணைகளில் கையடக்கத் தொட்டியில், பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஓர் உருண்டைத் தலையுடன் விற்கிறார்களே, ‘மூன் காக்டஸ்’ என்று, அதன் கீழே இருப்பது பெரும்பாலும் இந்த டிராகன் கொடியேதான்.

அந்தச் சிவப்பு உருண்டை தனித்து வாழ முடியாத செடி. தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டைச் சேர்ந்த ஒரு சிறு கள்ளி இனத்தின் நாற்றுகளில், 1941ஆம் ஆண்டு ஜப்பானில், பச்சையமே இல்லாத சிவப்பு நாற்றுகள் தோன்றின. பச்சையம் இல்லாவிட்டால் செடி தனக்கு வேண்டிய உணவைத் தயாரிக்க முடியாது; விதையில் இருந்த சத்து தீர்ந்ததும் மடிந்துவிடும். அவற்றைப் பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டி உயிர் காத்தார்கள். இன்று உலகெங்கும் விற்கும் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறத் தலைகள் எல்லாம் இப்படி ஒட்டினால் மட்டுமே வாழ்பவை. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப் போகும் பல குறைகளுக்குக் காரணம் தானாக விளங்கும்.

ஒட்டுக் கட்டுவதற்கு வேறு பயன்களும் உண்டு. மிக மெதுவாக வளரும் உருண்டைக் கள்ளிகளை விரைவாகப் பெருக்கலாம். அடி அழுகிப்போன அருமையான செடியின் மேல்பாகத்தை வெட்டி எடுத்து வேறொரு தண்டில் வைத்துப் பிழைக்க வைக்கலாம்.

பால் வந்தால் கள்ளி வேறு

நம் ஊரில் ‘கள்ளி’ என்ற பெயர் இரண்டு வேறு குடும்பங்களுக்குப் பொதுவாக வழங்குகிறது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். இவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக்கள்ளி, டிராகன் கொடி, உருண்டைக் கள்ளிகள் ஆகியவற்றைக் கீறினால் நிறமற்ற கொழகொழப்பான சாறு வரும். இவையே காக்டஸ் குடும்பம். வேலியில் சதுரக்கள்ளி சும்மா நிற்கிறதே என்று அதன் தலையை வெட்டி மூன் காக்டஸை வைத்துக் கட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். பத்து நாளில் சுருங்கி உதிர்ந்துவிடும். எந்தக் காலத்திலும் பிடிக்காது. பால் உள்ள கள்ளியைப் பால் உள்ள கள்ளியோடுதான் சேர்க்க வேண்டும். கடைகளில் கொண்டைபோல் மடிப்பு மடிப்பாக வருமே ஒரு செடி, அது இலைக்கள்ளியின் மேல் ஒட்டப்பட்ட இன்னொரு பால்கள்ளி. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால், வீட்டில் பழகுவோர் அதைத் தொடாமல் காக்டஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சப்பாத்திக்கள்ளியையும் அடித்தண்டாகப் பயன்படுத்தலாம். ஒட்டு நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதன் கண்களில் இருக்கும் மயிர் போன்ற நுண்முள் கையில் ஏறினால் இரண்டு நாள் வேலை ஓடாது. இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு காலத்தில் நம் புன்செய்க் காடுகளையெல்லாம் சப்பாத்தி அடைத்துக்கொண்டிருந்தது. 1926ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு வகைப் பூச்சிதான் அதை அழித்து நிலத்தை மீட்டுக் கொடுத்தது. அந்தப் பூச்சியின் வம்சம் இன்றும் வேலியோரச் சப்பாத்தி மடல்களில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பஞ்சை நசுக்கினால் இரத்தம்போல் சிவப்புச் சாறு வந்தால் அதுவே அந்தப் பூச்சி. நிலத்துக்கு நன்மை செய்த பூச்சிதான், ஆனால் தொட்டிச் செடிக்கு ஆகாது. பஞ்சு படிந்த மடலை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

வேர்ச்செடி தயாரித்தல்

கவாத்துக் கழிவில் நோய்ப் புள்ளி இல்லாத, பென்சிலைவிட இரண்டு மடங்காவது பருமனான, முற்றி மரத்துப்போகாத பச்சைக் கொடிகளைப் பொறுக்கிக்கொள்ளவும். ஆறு முதல் எட்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, எது அடி எது நுனி என்று தெரியும்படி அடுக்கி, நிழலில் ஒரு வாரம் காயவிட வேண்டும். வெட்டு வாய் ஆறாமல் நட்டால் அழுகும். பிறகு அடிப்பக்கம் ஒன்றரை அங்குலம் மண்ணில் இருக்கும்படி நடவும். அடி நுனி மாறி நட்டால் வேர் பிடிப்பது தாமதமாகும்.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, நன்கு மக்கிச் சலித்த தொழு உரம் ஒரு பங்கு போதும். ஆற்று மணல் கிடைக்காதவர்கள் கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டைச் சலித்து, மாவுபோன்ற தூசியைக் கழுவி அகற்றிவிட்டுப் பயன்படுத்தலாம். கரிசல் மண் கூடவே கூடாது. நட்ட நான்கு நாள் கழித்து முதல் தண்ணீர். மூன்று, நான்கு வாரத்தில் வேர் ஊன்றிவிடும். இலேசாக அசைத்துப் பார்த்தால் தண்டு மண்ணைப் பிடித்திருப்பது கைக்குத் தெரியும். நுனியிலோ பக்கத்திலோ புதுத் துளிர் தலைகாட்டினால் வேர்ச்செடி தயார்.

தையில் நட்டால் மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ ஒட்டலாம். காற்றில் ஈரம் குறைந்து, செடியில் சாறு ஓடும் காலம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டுவது பூஞ்சாணத்துக்கு விருந்து வைப்பதுதான். ஒட்டுவதற்கு இரண்டு, மூன்று நாள் முன்பு வேர்ச்செடிக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். வாடிய தண்டில் ஒட்டுப் பிடிப்பது அரிது.

ஒட்டும் முறை

வேண்டிய கருவிகள் புது சவர பிளேடு, கொஞ்சம் சர்ஜிக்கல் ஸ்பிரிட், பஞ்சு, ரப்பர் வளையம். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு பிளேடை ஸ்பிரிட்டில் துடைக்கவும். மழுங்கிய கத்தி திசுவை நசுக்கும்; நசுங்கிய இடம் ஒட்டாது.

வேர்ச்செடியை மண் மட்டத்திலிருந்து நாலு முதல் ஐந்து அங்குல உயரத்தில், சமமாக, ஒரே இழுப்பில் வெட்டவும். மூன்று பட்டைகளின் மேல் விளிம்பையும் சற்றே சாய்வாகச் சீவிவிட வேண்டும். தோல் கடினம், உள் சதை மிருது. காயும்போது சதை கீழே இறங்கும், தோல் அப்படியே நிற்கும். சீவாவிட்டால் தோல் விளிம்பு மேலே வைத்த தலையை நெம்பித் தள்ளிவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் விட்டுவிடும் வேலை இதுதான். சீவிய பிறகு முகப்பில் இன்னொரு மெல்லிய வில்லையை வெட்டி, அதை எடுத்துவிடாமல் அங்கேயே மூடிபோல் விட்டுவைக்கவும். தலை தயாராகும்வரை முகம் காயாது.

இனித் தாய்ச்செடியிலிருந்து பக்கக் குட்டியை எடுக்கவும். சுண்டைக்காய் அளவுக்குக் குறையாமல், சிறு நெல்லிக்காய் அளவுக்கு மேற்போகாமல் இருந்தால் கையாள எளிது. அதன் அடியையும் சமமாக வெட்டினால் நடுவில் ஒரு சிறு வட்டம் தெரியும். வேர்ச்செடியின் முகத்திலும், மூடி வில்லையை எடுத்ததும், அதேபோல் ஒரு வட்டம் இருக்கும். நீரும் உணவும் ஓடும் குழாய்கள் அந்த வட்டத்தில்தான் இருக்கின்றன. ஒட்டுக் கட்டுவதன் உயிர்நிலை இதுவே. இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஒரே அளவாக இருந்தால் நேருக்கு நேர் வைக்கலாம். அளவு வேறுபட்டால் நடுவுக்கு நடு வைக்கக் கூடாது. பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம் எங்கும் தொடாமல் நின்றுவிடும். சற்றே ஓரமாக நகர்த்தி, ஒரு வட்டத்தின் கோடு மற்றதன் கோட்டை இரண்டு இடத்தில் குறுக்கே வெட்டும்படி வைக்கவும். பார்வைக்குத் தலை ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் தோன்றும், பரவாயில்லை. வளர வளர மறைந்துவிடும்.

தலையை வைத்து, மெல்ல அழுத்தி ஒரு சுற்றுத் தேய்த்தாற்போல் திருகினால் இடையில் உள்ள காற்று வெளியேறும். பிறகு தொட்டியின் அடிப்பக்கம் சுற்றி வரும்படி இரண்டு ரப்பர் வளையங்களைக் குறுக்கும் நெடுக்குமாகத் தலைமேல் மாட்டவும். தலை நகராத அளவு இறுக்கம் போதும். இத்தனையும் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

கட்டிய செடிகளைக் காற்றோட்டமுள்ள நிழலில் வைக்கவும். எட்டுப் பத்து நாள்வரை தலைமேல் ஒரு துளித் தண்ணீர்கூடப் படக் கூடாது. மண் மட்டும் இலேசான ஈரத்தோடு இருக்கலாம். பத்தாம் நாள் வளையத்தைக் கழற்றலாம். தலை சுருங்காமல், இணைப்பில் இடைவெளி இல்லாமல் இருந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது.

பிடித்தும் வளராத ஒட்டு

இங்கேதான் பலருக்குத் துன்பம் தொடங்குகிறது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு சிறு விவசாயி முப்பது செண்டில் டிராகன் கொடி வைத்திருக்கிறார். அவருடைய மனைவி, மகளிர் குழுவில் வாங்கிய கடனில் தாய்ச்செடிகளை வாங்கி, பங்குனியில் 150 ஒட்டுகள் கட்டினார். தலைகள் எலுமிச்சை அளவு வந்தால் ஆவணியில் எடுத்துக்கொள்வதாக ஒரு நாற்றுப் பண்ணைக்காரர் வாய்ச்சொல் கொடுத்திருந்தார். ஆனியில் நான் போனபோது, அழிந்தவை போக 130 செடிகள் தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் வரிசையாக இருந்தன.

“ஒட்டு எல்லாம் ஒட்டிக்கிச்சுங்கய்யா. ஆனா வச்சது வச்சபடியே இருக்கு. குழுவுக்குத் தவணை கட்டணும், இது கண்ணை முழிக்க மாட்டேங்குது” என்றார் அந்த அம்மா.

அவர் கைவேலையில் பழுது சொல்ல முடியாது. இணைப்புகள் கண்ணாடிபோல் ஒட்டியிருந்தன. ஆனால் ஒவ்வொரு செடியாகக் கையில் எடுத்துப் பார்த்ததில் ஒரே காரணம் அல்ல, பல காரணங்கள் வெளிப்பட்டன.

முதலாவது பந்தல். மூன் காக்டஸுக்கு வெயில் ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பச்சை நிழல்வலைக்கு மேல் கீற்றும் வேய்ந்திருந்தார்கள். உச்சி வேளையிலும் உள்ளே அந்திபோல் இருந்தது. தலைக்கு வெயில் ஆகாதுதான். ஆனால் தலைக்குச் சோறு போடுவது கீழே இருக்கும் பச்சைத் தண்டு. தண்டுக்கு வெளிச்சம் வேண்டும். தண்டுகள் வெளுத்து, பட்டை மெலிந்து நின்றதே இருட்டுக்குச் சாட்சி. கீற்றை அகற்றி, பாதி வெயில் விடும் வலை மட்டும் போதும் என்று சொன்னேன். ஒரேயடியாகப் பிரித்தால் தலை வெந்து வடுப்படும் என்பதால் மூன்று தவணையாகப் பிரித்தார்கள்.

இரண்டாவது, ஏறக்குறைய 40 செடிகளில் அடித்தண்டு இரண்டு அங்குலம்கூட இல்லை. ஒரு கொடியை மூன்றாக நறுக்கி, துண்டுகளை மிச்சப்படுத்தியிருந்தார்கள். பச்சைத் தலையாக இருந்தால் அதுவும் தன் பங்குக்கு உணவு தயாரிக்கும். குட்டைத் தண்டு போதும். பச்சையம் இல்லாத தலைக்கு முழு உணவும் தண்டிலிருந்தே வர வேண்டும். இரண்டு அங்குலத் தண்டு தன்னையும் காத்துத் தலையையும் வளர்க்க இயலாது. இதற்கு உரம் மருந்தல்ல. இணைப்புக்குச் சற்று மேலே தலையை வெட்டியெடுத்து, அடியை மீண்டும் மெல்லியதாகச் சீவி, உயரமான புது வேர்ச்செடியில் மறுபடி கட்டுவதே வழி. அப்படித்தான் செய்யச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு மனசே இல்லை. மூன்று மாத உழைப்பைப் பிளேடால் வெட்டச் சொன்னால் யாருக்குத்தான் இருக்கும்?

மூன்றாவது, பல செடிகளில் தண்டின் பக்கக் கண்களிலிருந்து இரண்டு அங்குலம் வரை துளிர்கள் ஓடியிருந்தன. ‘கீழே துளிர்க்கிறது, செடி நன்றாக இருக்கிறது’ என்று மகிழ்ந்து விட்டுவைத்திருந்தார்கள். வேர்ச்செடிக்குத் தன் துளிர்தான் முதற்பிள்ளை. அது இருக்கும்வரை தலைக்குப் போகும் சத்து குறையும். துளிர் மிளகு அளவில் இருக்கும்போதே நகத்தால் கிள்ளிவிட வேண்டும். வளர்ந்துவிட்டால் கண்ணோடு சேர்த்துத் தோண்டி எடுத்து, அந்த இடத்தை நாலு நாள் ஈரம் படாமல் காக்க வேண்டும்.

நான்காவது, ஒரு வரிசை முழுவதும் டீக்கடைப் பிளாஸ்டிக் கப்புகளில் நடப்பட்டிருந்தது. அடியில் துளையே இல்லை. கவிழ்த்துத் தட்டியதும் புளித்த நாற்றம். வேர்கள் பழுப்பாகிப் பிய்ந்து வந்தன. அழுகிய வேரையும் நிறம் மாறிய அடித்தண்டையும் பச்சை தெரியும்வரை வெட்டி, ஐந்தாறு நாள் நிழலில் ஆறவிட்டு, துளையுள்ள தொட்டியில் புது மண்ணில் நட வேண்டியதாயிற்று. மறுபடி நட்டு ஒரு வாரம் கழித்து, லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து மண் நனைய ஊற்றச் சொன்னேன்.

மீதி இருந்தவற்றில் ஒரு இருபது செடிகளில் தலை ஒரு பக்கம் மட்டும் பருத்து, மறுபக்கம் தட்டையாக இருந்தது. வட்டம் ஒரே ஓரத்தில் தொட்டதன் அடையாளம் அது. அப்படிப்பட்டவை செத்தும் போகாது, வளர்ந்தும் தொலைக்காது. அவற்றையும் வெட்டி மறுபடி கட்டுவதே மேல். நாள் கடத்துவதில் பயனில்லை.

ஆவணிக் கடைசியில் எலுமிச்சை அளவுக்கு வந்தவை 70 சொச்சம். அவற்றைப் பண்ணைக்காரர் எடுத்துக்கொண்டார். மறுபடி கட்டியவை தை மாதம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் வந்த தவணைக்கு ஒரு வெள்ளாட்டை விற்றார்கள். அடுத்த பங்குனியில் அவர்கள் கட்டிய ஒட்டுகள் எல்லாம் ஐந்து அங்குலத் தண்டில், துளையுள்ள தொட்டியில் இருந்தன. எண்ணிக்கை 80தான்.

வேறு சில காரணங்கள்

மேலே சொன்னவை எதுவும் இல்லாமலே செடி அசையாமல் நிற்பதுண்டு. தொட்டியிலிருந்து மண்ணோடு எடுத்து வேரைப் பார்க்கவும். வேரில் வெண்ணிறத் துகள்போல் ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மேலே எந்த அடையாளமும் காட்டாமல் மாதக் கணக்கில் சாற்றை உறிஞ்சும். மண்ணை உதறி, வேரைத் தண்ணீரில் கழுவி, மூன்று நாள் நிழலில் உலர்த்தி, புது மண்ணில் நடவும். பழைய மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள். தலையிலோ இணைப்பிலோ மாவுப்பூச்சி இருந்தால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுப்பதே போதும். செடிகள் அதிகமானால் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். எண்ணெய் பட்ட தலை மறுநாள் வெயிலில் இருந்தால் கருகும்.

மண்ணின் மேல் வெள்ளைப் பூ பூத்ததுபோல் உப்புப் படிந்தால் ஆழ்குழாய்க் கிணற்றின் உவர் நீரே குற்றவாளி. மழை நீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். வசதியில்லாதவர்கள் மேல் மண்ணை அரை அங்குலம் சுரண்டிப் புதிது போட்டு, நல்ல தண்ணீர் கிடைக்கும்போது ஒருமுறை துளை வழியே ஓடும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவவும்.

கத்திரி வெயிலில் வளர்ச்சி நின்றால் கவலைப்பட வேண்டாம். காக்டஸ் செடிகள் பகலில் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து காற்றை வாங்குகின்றன. இரவும் புழுக்கமாக இருக்கும் நாட்களில் அவற்றின் வேலை தடைப்படும். இந்த நாட்களில் உரம் கொடுப்பது வீண். அதுபோல் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் டிராகன் கொடி குளிருக்குத் தாங்காது. பனிக் காலத்தில் தண்டு மஞ்சளாகி அழுகும். மலை விவசாயிகள் குளிர் தாங்கும் தூண் கள்ளியை அடித்தண்டாகக் கொள்வது நல்லது.

உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வளரும் பருவத்தில் மட்டும், நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் இருபது நாளைக்கு ஒருமுறை மண்ணில் ஊற்றினால் போதும். யூரியா கண்டிப்பாக வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் தலை ஊதி வெடிக்கும், வெடிப்பில் அழுகல் புகும்.

டிராகன் தண்டு மீது கட்டிய ஒட்டு நெடுநாள் நிற்பதல்ல. இரண்டு, மூன்று ஆண்டில் தண்டு கட்டையாகிச் சோர்ந்துவிடும். நன்றாக இருந்த செடி காரணமின்றி நின்றுபோனதாகத் தோன்றும். தண்டு பழுப்பேறத் தொடங்கியதுமே தலையை அல்லது அதன் குட்டிகளை எடுத்துப் புதுத் தண்டில் கட்டிவிட வேண்டும். தண்டு முழுவதும் பழுத்த பிறகு வெட்டினால், நடுவட்டத்தில் ஆரஞ்சு நிறம் ஏறியிருப்பதைக் காணலாம். அந்நிலையில் வெள்ளைத் திசு வரும்வரை மேலே மேலே சீவிப் பார்க்கவும். வந்தால் கட்டலாம், வராவிட்டால் எறிந்துவிட வேண்டியதுதான்.

புதிதாகத் தொடங்குவோர் கடன் வாங்கி நூற்றுக்கணக்கில் இறங்க வேண்டாம். இரண்டு தாய்ச்செடியும் பத்து வேர்ச்செடியும் போதும். தாய்ச்செடியின் உச்சியைச் சீவிவிட்டால் பக்கக் குட்டிகள் நிறைய வரும். அவையே அடுத்த ஆண்டுக்கு விதை. ஐப்பசி மழை தொடங்குமுன் தாய்ச்செடிகளைச் சாரல் படாத திண்ணைக்கு மாற்றி, மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் காட்டி வரவும்.